பெறுபேறு வரும் இரவில்...

2023ஆம் ஆண்டின் இறுதிப் பகுதி. இஷாத் தொழுகை முடிந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த நேரம். பக்கத்து வீட்டுச் சகோதரி முந்தானையை இழுத்துச் செருகியபடி ஓடி வந்தார்.

"ராத்தா, கொஞ்சம் வாங்களேன். புள்ள அறையப் பூட்டிக்கிட்டுக் கிடக்கா. எவ்வளவு தட்டியும் திறக்கிறா இல்ல."

அன்று பின்னேரம்தான் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகியிருந்தது. அவருடைய மூத்த மகளும் பரீட்சை எழுதியிருந்தாள். வாப்பா கட்டாரில். வீட்டிலிருந்த கைத்தொலைபேசியில் எத்தனை தடவை தட்டியும் இணையத்தளம் திறக்கவில்லை. பொறுமையிழந்த உம்மா, சுட்டெண்ணை ஒரு துண்டில் எழுதிப் பத்து வயது மகனிடம் கொடுத்துச் சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரே கூட்டம். கடைத் தம்பி அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு, "கணக்கு டபிள்யூ" என்று சொல்லியிருக்கிறார். சின்னவன் அதைத் தெரு முழுவதும் கேட்கக் கத்திக்கொண்டே வந்து சேர்ந்தான். மகள் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

நான் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு திண்ணையில் அமர்ந்தேன். முதலில் எனது தொலைபேசியிலும் வட்டம்தான் சுற்றியது. சற்று விட்டு விட்டு முயன்றதில், அரை மணித்தியாலம் கழித்துப் பக்கம் திறந்தது. எந்த ஆண்டுப் பரீட்சை என்று தெரிவு செய்யும் இடத்தைக் கவனித்தேன். 2022ஆம் ஆண்டைத் தெரிந்து, சுட்டெண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பதிந்தேன். பெறுபேறு வந்தது. கணிதத்துக்கு நேரே 'சீ' என்றிருந்தது.

உம்மா கதவருகே போய் நின்று சொன்னார். உள்ளேயிருந்து அழுகை கலந்த குரல்:

"பேர வாசிங்க உம்மா."

உம்மா எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"வாப்பாட பேரும் இருக்கா?"

"இருக்கு மகள், இருக்கு."

அப்போதுதான் தாழ்ப்பாள் விலகியது.

மறுநாள் விசாரித்தபோது விடயம் விளங்கியது. கடைத் தம்பி முந்திய ஆண்டுப் பரீட்சையைத் தெரிவு செய்திருக்கிறார். அதே சுட்டெண் அந்த ஆண்டில் வேறொரு பிள்ளைக்குரியது. அந்தப் பிள்ளையின் பெயரும் 'பாத்திமா' என்றே தொடங்கியிருக்கிறது. அவர் முதற் பெயரை மட்டும் பார்த்திருக்கிறார். எமது ஊர்களில் பாத்திமா இல்லாத வீடு எது?

அந்த இரண்டு மணித்தியாலத்தில் அந்த மகள் பட்ட வேதனைக்கு யார் பொறுப்பு? கடைத் தம்பியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பெறுபேற்றைப் பார்க்கும் வேலையை வீட்டிலுள்ள நாங்கள் தெரிந்துவைத்திருக்கவில்லை. பத்து வருடம் விடியற்காலையில் எழுந்து தேநீர் ஊற்றிக் கொடுத்துப் படிக்கவைத்த பிள்ளையின் பெறுபேற்றைக் கடைசி நாளில் சந்திக்கு அனுப்பிவிடுகிறோம். இது கஷ்டமான வேலையல்ல. சில சின்ன விடயங்களைத் தெரிந்துகொண்டால் எந்தத் தாயும் தானே செய்துவிடலாம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

முதலாவது, சுட்டெண். பரீட்சை அனுமதி அட்டை வீட்டுக்கு வந்த அன்றே சுட்டெண்ணையும், பரீட்சையின் பெயரையும், ஆண்டையும், அட்டையில் பதிந்துள்ள முழுப் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். அட்டையைப் பரீட்சை மண்டபத்தில் ஒப்படைத்துவிட்டு வந்த பிள்ளைக்கு, மாதங்கள் கழித்து அந்த இலக்கம் நினைவிலிருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. தவறவிட்டவர்கள் பதற வேண்டியதில்லை. பாடசாலை அதிபரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். பெறுபேறு வரும் இரவில் அதிபரின் தொலைபேசி ஓயாது ஒலிக்கும். எனவே முந்தியே கேட்டுவையுங்கள்.

இரண்டாவது, இணையத்தள முகவரி. பரீட்சைத் திணைக்களத்தின் உத்தியோகபூர்வ தளங்கள் இரண்டு. ஒன்று 'டோநெட்ஸ் டொட் எல்கே'. மற்றது 'ரிசல்ட்ஸ் டொட் எக்ஸாம்ஸ் டொட் கவ் டொட் எல்கே'. இவற்றின் ஆங்கில எழுத்துக்களைப் பிள்ளையைக் கொண்டு அதே கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். ஒரு ஆறுதலான நாளில் இருவருமாக ஒருமுறை அதைத் திறந்து பார்த்தும் வையுங்கள்.

மூன்றாவது, தொலைபேசியில் டேட்டாவும் சார்ஜும். சொல்லச் சிறிய விடயம்தான். ஆனால் பெறுபேறுகள் பெரும்பாலும் பின்னேரத்திலோ இரவிலோதான் வெளியாகின்றன. ரீலோட் போடக் கடை தேடும் நேரமல்ல அது.

பக்கம் திறக்கவில்லையா?

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தோற்றுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் உம்மா, வாப்பா, மாமா, சாச்சி, டியூஷன் ஆசிரியர் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் அந்த ஒரே வாசலைத் தட்டுகிறார்கள். பெருநாளைக்கு முந்திய இரவில் ஒரு புடைவைக் கடை வாசல் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடை மூடப்படவில்லை, சாமானும் முடியவில்லை, ஆனால் உள்ளே நுழைய முடியாது. அந்த நிலைதான் இது. பக்கம் திறக்காததற்கும் பிள்ளையின் பெறுபேற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. "ஒண்டும் வருகுதில்ல, அப்ப பெயில்தான்" என்று சில பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். இதை முதலில் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த நேரத்தில் நாம் செய்யும் பெரிய தவறு, திரையை விடாது தட்டிக்கொண்டிருப்பது. ஒவ்வொரு தட்டலும் புதிதாக வந்து வாசலில் நிற்பது போன்றது. பாதி வழியில் வந்துகொண்டிருந்த பக்கமும் அதனால் அறுந்துபோகும். ஒருமுறை அழுத்திவிட்டு ஓரிரு நிமிடம் பொறுத்திருங்கள். வராவிட்டால் கால் மணித்தியாலம் விட்டு மீண்டும் பாருங்கள். இரவு கடந்தோ, சுபஹுக்குப் பின்போ பார்த்தால் பெரும்பாலும் இலகுவாகத் திறக்கும். பெறுபேறு எங்கும் ஓடிவிடாது.

வேறொரு இணையத்தளம் திறக்கிறதா என்றும் பாருங்கள். எதுவுமே திறக்காவிட்டால் கோளாறு உங்கள் டேட்டாவில் அல்லது சிக்னலில். மற்றவை திறந்து இது மட்டும் திறக்காவிட்டால், நெரிசல் அங்கே. இரண்டு உத்தியோகபூர்வ தளங்களில் ஒன்று திறக்காதபோது மற்றதை முயன்று பார்க்கலாம்.

வெளிநாட்டிலுள்ள கணவருக்கு அழைப்பெடுத்து, "அங்க இன்டர்நெட் வேகம்தானே, நீங்க பாருங்க" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது. அங்கே பாதை வேகமானதுதான். ஆனால் வாசல் இதே வாசல். நெரிசல் அவருக்கும் அதேதான். வேலை முடிந்து களைத்திருப்பவரையும் சேர்த்துப் பதறவைப்பதுதான் மிச்சம்.

குறுஞ்செய்தி மூலம் பெறுபேறு பெறும் வசதியும் உண்டு. அனுப்ப வேண்டிய இலக்கம் தொலைபேசி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பழைய ஆண்டில் யாரோ அனுப்பிய குறிப்பை வைத்துக்கொண்டு முயலாமல், அந்த ஆண்டு அறிவிக்கப்படும் முறையைப் பார்த்துச் செய்யுங்கள். சொல்லுக்கும் சுட்டெண்ணுக்கும் இடையில் ஒரு இடைவெளி விட மறக்க வேண்டாம்.

"அப்படியொரு பரீட்சார்த்தி இல்லை" என்று வந்தால்

இதுதான் வீடுகளில் அதிகம் கண்ணீரை வரவழைக்கும் செய்தி. காரணம் பெரும்பாலும் மிகச் சிறியது. ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

1. சுட்டெண்தானா? சில பிள்ளைகள் பாடசாலைச் சேர்விலக்கத்தையும், சிலர் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் மாறிப் பதிந்துவிடுகிறார்கள். பக்கத்தில் எது கேட்கப்படுகிறது என்று வாசித்துவிட்டுப் பதியுங்கள்.

2. இலக்கங்கள் இடம் மாறியுள்ளனவா? ஒருவர் கொப்பியைப் பார்த்து உரத்து வாசிக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபார்ப்பது நல்லது.

3. வட்ஸ்அப்பில் வந்த இலக்கத்தை அப்படியே பிரதி செய்து ஒட்டினீர்களா? அதன் முன்னோ பின்னோ கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் சேர்ந்து வந்திருக்கலாம். அழித்துவிட்டுக் கையால் பதியுங்கள்.

4. பரீட்சை சரியா? சாதாரண தரமா, உயர் தரமா, புலமைப்பரிசிலா என்று பாருங்கள்.

5. ஆண்டு சரியா? இதில்தான் அண்மைக் காலத்தில் பெருங்குழப்பம். கொரோனாவுக்குப் பின் பரீட்சைகள் பிந்தியதால், பரீட்சையின் ஆண்டு ஒன்றாகவும் அது நடந்த ஆண்டு இன்னொன்றாகவும் ஆகிவிட்டது. 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை நடந்தது 2022 மே மாதத்தில். 2022ஆம் ஆண்டுக்குரியது 2023இல். 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 மே மாதத்தில். 2024ஆம் ஆண்டுக்குரியது 2025 மார்ச்சில். பிள்ளை மண்டபத்துக்குப் போன ஆண்டையல்ல, அனுமதி அட்டையில் அச்சிடப்பட்ட ஆண்டைத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

இவையனைத்தும் சரியாக இருந்தும் வராவிட்டால், அந்தப் பரீட்சையின் பெறுபேறு உண்மையிலேயே வெளியாகிவிட்டதா என்று விசாரியுங்கள். "ரிசல்ட் வந்துட்டாம்" என்ற கதை, பெறுபேறு வருவதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஊரைச் சுற்றி வந்துவிடும்.

பெறுபேறு வந்ததும் முதலில் பெயர்

எழுத்துக்களைப் பார்க்கும் முன் பெயரைப் பாருங்கள். முழுப் பெயரையும், ஒவ்வோர் எழுத்தாக. நாம் மேலே கண்ட பாத்திமாவின் கதை போதும்.

ஒரே தொலைபேசியில் பல பிள்ளைகளுக்குப் பார்த்துக் கொடுக்கும்போது முந்திய பிள்ளையின் பக்கமே திரையில் தங்கிவிடுவதுமுண்டு. சந்தேகமிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து பதியுங்கள். பெயர் சரியென்றால் உடனே திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

இனி அதிலுள்ளவற்றை விளங்கிக்கொள்வோம். சாதாரண தரத்தில் ஏ, பீ, சீ, எஸ் ஆகிய நான்கும் சித்திகள். 'சீ' என்பது திறமைச் சித்தி. 'எஸ்' சாதாரண சித்தி. 'டபிள்யூ' சித்தியில்லை. உயர் தரத்தில் சித்தியில்லை என்பதை 'எஃப்' குறிக்கும். 'ஏபீ' என்றிருந்தால் தோற்றவில்லை என்று பொருள். அதை 'ஏ'யும் 'பீ'யும் என்று வாசித்து இனிப்புப் பங்கிட்ட வீடும் உண்டு!

உயர் தரப் பெறுபேற்றில் இசட் புள்ளி என்று ஒன்று தசமத்தில் இருக்கும். சிலவேளை அதற்கு முன் கழித்தல் அடையாளமும் இருக்கும். அதைக் கண்டு கோளாறு என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பாடத்திலும் எல்லாப் பிள்ளைகளினதும் சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதைக் கணித்து அதைப் பெறுகிறார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட நிலையும் முக்கியமாகையால் அதுவும் பதியப்பட்டிருக்கும். புலமைப்பரிசிலுக்கு மொத்தப் புள்ளிகள் 200. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும்.

திரையில் தெரிவதும் தவறாகலாம்

பரீட்சை எழுதிய பாடத்துக்கு 'ஏபீ' என்று வரலாம். ஒரு பாடமே காணாமற்போயிருக்கலாம். பெறுபேறு நிறுத்திவைக்கப்பட்டுள்ளதாகக் காட்டலாம். விடைத்தாளில் சுட்டெண் மாற்றி எழுதப்பட்டமை போன்ற பல காரணங்கள் இருக்க முடியும். பிள்ளையைக் குற்றவாளியாக்கி விசாரிக்காதீர்கள். மறுநாட் காலை அதிபரைச் சந்தியுங்கள். பாடசாலைக்குரிய பெறுபேற்று அட்டவணை அவரிடம் இருக்கும். அதனோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவர் மூலமாகவே பரீட்சைத் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். திணைக்களம் பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ளது. 1911 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம்.

திணைக்களத்துக்கும் தவறு நேரும் என்பதற்கு அண்மை வரலாறே சாட்சி. 2011ஆம் ஆண்டு உயர் தரப் பரீட்சை பழைய, புதிய பாடத்திட்டங்கள் இரண்டிலும் நடந்தது. பெறுபேறுகள் வெளியானபோது நிலைகளில் தவறு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இசட் புள்ளியைக் கணித்த முறை உயர் நீதிமன்றம் வரை சென்று, 2012இல் மீண்டும் கணிக்க நேர்ந்தது. கேள்வி கேட்டவர்கள் இருந்ததால்தான் அது திருந்தியது.

எழுதியதற்குக் குறைவாகப் பெறுபேறு வந்துள்ளது என்று பிள்ளை உறுதியாகச் சொன்னால் விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கால எல்லை உண்டு. அழுதுகொண்டிருக்கும் வாரத்திலேயே அது கடந்துவிடும். எனவே பெறுபேற்றோடு வரும் அறிவித்தலில் கடைசித் திகதியை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் எடுத்த படம் சான்றிதழ் ஆகாது. தொழிலுக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ திணைக்களத்தின் பெறுபேற்றுச் சான்றிதழ்தான் வேண்டும். அதற்கும் இப்போது இணையம் மூலம் விண்ணப்பிக்கலாம்.

பிள்ளையின் இலக்கம், பிள்ளையின் மானம்

சுட்டெண் தெரிந்த எவரும் பெறுபேற்றைப் பார்த்துவிடலாம். ஆகவே அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டு "யாருக்காவது திறக்குதா பாருங்க" என்று கேட்காதீர்கள். ஐம்பது பேர் பார்த்த பின் கடைசியாகத்தான் உங்கள் மகள் பார்ப்பாள். தன் பெறுபேற்றை மாமியின் வாயால் அறிந்துகொள்ளும் பிள்ளையின் மனதை எண்ணிப் பாருங்கள்.

"இங்கே அழுத்தினால் உடனே பெறுபேறு" என்று வரும் இணைப்புகளையும் நம்ப வேண்டாம். கொப்பியிலுள்ள முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பெறுபேறு பார்ப்பதற்கு வங்கிக் கணக்கு இலக்கமோ, தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கமோ தேவையில்லை. அவற்றைக் கேட்பவர் யாராயினும் அவர் மோசடிக்காரரே.

கடைசியாக ஒரு வார்த்தை

இணையம் திறக்காததும், இலக்கம் மாறுவதும் ஒரு இரவில் தீர்ந்துவிடும் கோளாறுகள். அந்த இரவில் நாம் சொல்லும் வார்த்தைகள் அப்படியல்ல. "பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு ஒன்பது ஏ, உனக்கென்ன குறை வச்சம்?" என்ற ஒரு வசனத்தைப் பிள்ளை ஆயுளுக்கும் சுமக்கும்.

எதிர்பார்த்தது வராவிட்டாலும் வழிகள் அடைபட்டுவிடுவதில்லை. மீண்டும் தோற்றலாம். சாதாரண தரப் பெறுபேறு எப்படியிருந்தாலும் தொழிற்றுறைப் பாடங்களைத் தொடர்வதற்கு, 2017இல் ஆரம்பிக்கப்பட்ட 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் இடமளிக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் உள்ளன. பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், தனிமையை நாடினால் அதை நடிப்பென்று தள்ளிவிடாதீர்கள். அன்றிரவு தனியே படுக்க விடாதீர்கள். தேவையானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர் உதவிச் சேவையின் 1929 ஆகிய இலக்கங்களை அழைக்கலாம். உதவி கேட்பது வெட்கமல்ல.

அந்தப் பக்கத்து வீட்டுச் சகோதரி இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறார். முதற் பக்கத்தில் மூத்தவளின் உயர் தரச் சுட்டெண், பரீட்சை ஆண்டு, முழுப் பெயர். அடுத்த பக்கம் புலமைப்பரிசில் எழுதவிருக்கும் சின்னவளுக்காக வெறுமையாக இருக்கிறது. "இனி சந்திக்கு ஆள் அனுப்ப மாட்டன் ராத்தா. புள்ளய பக்கத்துல இருத்தி வச்சி நானே பாப்பன்" என்கிறார்.

நீங்களும் இன்றே ஒரு கொப்பியை எடுத்துவையுங்கள், சகோதரிகளே.